ஜுசாராவின் கட்டுச்சோறு

வேண்டாம் கண்ணு, மேல வைக்க வேண்டாம். கனமாத்தான் இருக்குது, இருந்துட்டுப் போவுது, என் மடியிலயே கெடக்கட்டும். வெறும் துணிமணியா இருந்தா நானே தூக்கி மேல போட்டிருப்பேன். இதுல ஒரு பொருள் வெச்சிருக்கேன். ஐய, நகையில்ல. நகைய யாராச்சும் பஸ்ல தூக்கிட்டு வருவாங்களா? அதெல்லாம் பீரோவுல இருக்குது. இதை மட்டும் பீரோவுல விட்டுட்டு வரப் பயமா இருந்துச்சு, கையோட எடுத்துட்டு வந்துட்டேன்.

நீ மதுரை வரைக்குமா? நான் திண்டுக்கல்ல எறங்கிக்குவேன். என் தங்கச்சி பேத்தி பெரிய மனுஷி ஆயிட்டா, நாளைக்குச் சீரு. ஒரே தங்கச்சி, போகாம இருக்க முடியுமா? இல்லாட்டி நான் வீட்டை விட்டு நகர்ற ஆளே இல்ல. அதுவும் இந்த நேரத்துல.

சேலத்துல ஜன்னல் வழியா தண்ணி பாட்டில் குடுத்துட்டு நின்னானே, அவன்தான் என் பையன். கிரி. முழுப்பேரு தீர்த்தகிரி, எங்க மாமனார் பேரு. எப்பவும் என்னை ஏத்தி விட்டான்னா போன்ல பேசிக்கிட்டே போயிருவான், திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இன்னிக்கு என்னமோ பஸ்ஸு கெளம்பற வரைக்கும் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தான். அவன் பொண்டாட்டி அதுக்கு மேல. வாசல்ல என்னைக் கட்டிப் புடிச்சவ விடவே இல்ல. ரெண்டு நாள்ல திரும்பி வரப் போறேன்டி, எதுக்கு இந்த அழுகைன்னேன். அவ்ளோ பாசம். ஊருல எந்த மாமியாருக்குக் குடுத்து வெச்சிருக்கு, சொல்லு.

மருமக எந்த ஊருன்னு நீ கேக்கவே இல்லையே. கேட்டா அசந்து போயிருவ. பிரேசிலு.

ஆமா கண்ணு, பந்து ஒதைக்கறாங்களே, அந்த பிரேசிலேதான். எங்களுக்கு ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லு. குச்சிக்கிழங்கு தெரியுமில்ல, மரவள்ளின்னு உங்க பக்கம் சொல்லுவாங்க. அதை அரைச்சு, பாலை எடுத்து, தொட்டியில தெளிய வெச்சு, மாவெடுத்து ஜவ்வரிசி பண்றது. நீ குடிச்ச பாயசத்துல எங்க மில்லு சரக்கு இருந்தாலும் இருந்திருக்கும். இத்தனை இருந்தும் என் பையனுக்கு மில்லு புடிக்கல. கம்ப்யூட்டர் படிச்சான், கம்பெனியில பிரேசிலுக்கு அனுப்புனாங்க. போன எடத்துல இவளைக் கட்டிக்கிட்டான். போட்டோதான் வந்துச்சு எங்களுக்கு. எங்க வீட்டுக்காரரு அந்தப் போட்டோவைப் பாத்துட்டு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. நான்தான் சமாதானம் பண்ணுனேன். பொண்ணு கறுப்பா லட்சணமா நம்மூருப் பொண்ணாட்டமேதான் இருக்கா, சேலை கட்டிவிட்டா யாருக்கும் தெரியாதுன்னேன்.

அப்புறம் அவரு திடீர்னு போயிட்டாரு. மில்லுலயே, தொட்டிப் பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. காரியத்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. பதினாறு முடிஞ்சதும் போறோம்னு சொல்லிட்டுத்தான் வந்தாங்க. அது ஆச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல.

துக்க வீட்டுல இவ பண்ணுன கூத்தைக் கேளு. அவங்க ஊருல யாரைப் பாத்தாலும் கன்னத்துல கன்னம் வெச்சு முத்தம் குடுக்கறது வழக்கமாம். எங்க பங்காளி ஒருத்தரு, எழுபது வயசு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு துக்கம் கேக்க வர்றாரு. இவ நேராப் போயி ரெண்டு கன்னத்துலயும் குடுத்துட்டா. மனுஷன் அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் அந்த மாசத்துலயே இன்னும் மூணு தடவை துக்கம் கேக்க வந்தாரு! சிரிக்காத கண்ணு, எனக்கு மானமே போச்சு. அன்னிக்கே சொல்லிட்டேன், இங்க கையெடுத்துக் கும்புட்டாப் போதும்னு. உடனே புரிஞ்சுக்கிட்டா. நல்ல புள்ளை. ஒரு தடவை சொன்னாப் போதும், மறு தடவை சொல்ல வேண்டியதில்ல.

பேரா? ஜுசாராவோ என்னமோ. ஏதோ ஒரு மரத்துப் பேராம். வேலைக்காரங்களுக்கு வாய்ல நுழையுமா அது? நான் சரசுன்னு வெச்சுட்டேன். ரேசன் கடைக்காரன்லருந்து லேடி டாக்டர் வரைக்கும் இப்ப எல்லாருக்கும் சரசுதான். மொதல்ல கூப்புட்டா திரும்ப மாட்டா. இப்ப திரும்பறா.

நான் என்ன கொறை வெச்சேன் அவளுக்கு? அரைக்கால் டவுசரைப் போட்டுக்கிட்டு வீட்டுல திரிஞ்சா. திட்டுனேனா? இல்ல. ஒரு டஜன் நைட்டி வாங்கிக் குடுத்தேன், எல்லாம் நல்ல பூப்போட்டது. ஒரு நாளைக்கு மூணு வாட்டி குளிப்பா. ஆத்தூர்ல தண்ணி எப்ப வருதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும், இவ குளிக்க மட்டும் லாரித் தண்ணி எறக்குனேன். சனிக்கெழமையானா பாட்டைப் போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டே வீட்டைத் தொடைப்பா. எதுத்த மாடியில நின்னு ஆளுங்க வேடிக்கை பாக்கறாங்க. பாட்டை நிறுத்தச் சொன்னேனா? ஜன்னலைத்தான் சாத்துனேன். கொஞ்ச நாள்ல அவளே பாட்டை நிறுத்திட்டா.

வெளிய கிளிய போகணும்னா டிரைவர் இருக்கான், நானும் கூடப் போவேன். தனியா விடறதில்ல. ஒரு நா சொல்லாமக் கொள்ளாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயிட்டா. எதுக்குடி போனேன்னா, சும்மா நடந்தேன் அத்தைங்கறா. சும்மா யாராச்சும் நடப்பாங்களா? அன்னிலருந்து கேட்டைப் பூட்டியே வெக்கறேன். நாயி வேற வருது உள்ளாற. சாவி இதோ, இடுப்புல. ஊருக்குப் போறப்பவும் மறந்து எடுத்துட்டு வந்துட்டேன் பாரு. பரவால்ல, கிரிகிட்ட ஒண்ணு இருக்குது.

சாப்பாடுதான் பெரும்பாடு. தெனமும் சோறும் பயறும் வேணும் அவளுக்கு. அந்தப் பயறு கறுப்பா இருக்கணுமாம், நம்மூருக் காராமணி ஆகாதாம். அதைவிடக் கேளு, குச்சிக்கிழங்கு வேணும்ங்கறா! அதை வேக வெக்கறா, மாவாக்கி வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வறுக்கறா, அதைச் சோத்து மேல தூவிக்கறா. எங்க வீட்டுல கிழங்கைத் திங்கறதில்ல கண்ணு. ஜவ்வரிசி பண்ணி விக்கிறதோட சரி, மிச்சம் சக்கையை, திப்பின்னு சொல்லுவோம், அதை மாட்டுக்குப் போடுவோம். மில்லு வெச்சிருக்கற வீட்டுல மருமக கிழங்கு திங்கறான்னா ஊருல என்ன பேசுவாங்க? ஆனா சொன்னா இவ ஒத்துக்கல. இந்தக் கிழங்கே எங்க ஊர்லருந்துதான் வந்துச்சு அத்தைங்கறா. எங்க மாமனார் காலத்துலருந்து எங்க காட்டுல வெளையுது, இவ ஊர்லருந்து வந்துச்சாம்! கிரியும் ஆமாம்மா, அங்கருந்துதான் வந்துச்சுன்னான்.

சரி, அப்படியே வெச்சுக்கிட்டாலும், அங்கருந்து வந்தது இங்க எவ்ளோ நல்லா வேர் புடிச்சு நிக்குது பாரு, நீ மட்டும் ஏன் ஊரு ஊருன்னு பொலம்பறேன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? அதைக் குச்சியா ஒடிச்சுத்தானே அத்தை நடறீங்கன்னா. என்ன நெனைச்சுச் சொன்னாளோ. அரைகுறைத் தமிழ்தானே.

ஒரு நா மாடிப்படிக்குக் கீழ ஒரே நாத்தம். பாத்தா ஒரு பெரிய சட்டியில மில்லுத் தொட்டி மாவை எடுத்துட்டு வந்து தண்ணி ஊத்தி மூடி வெச்சிருக்கா. நொரை கட்டிக் கெடக்குது. மாவு புளிச்சா எங்களுக்கு அது நஷ்டம். சரக்குப் போச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரு இருந்தா தொட்டிக்காரனை வேலைய விட்டே தொரத்தியிருப்பாரு. நான் எடுத்து மாட்டுத் தொட்டியில ஊத்திட்டேன். இவ வந்து காலிச் சட்டியப் பாத்துட்டு படியிலயே உக்காந்துட்டா. பொழுதுக்கும் அழுகை. மாவுக்கு யாராச்சும் இப்படி அழுவாங்களா? புளிக்கணும்னுதான் வெச்சாளாம். அங்க வேணும்னே புளிக்க வெச்சு வெயில்ல காய வெப்பாங்களாம், அதுல பால்கட்டி போட்டு உருண்டை உருட்டிச் சுடுவாங்களாம். அவங்கம்மா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை சுடுமாம். அப்புறம் கிரி மில்லு ஆபீசு ரூமுல எனக்குத் தெரியாம புளிக்க வெச்சுக் குடுத்தான். உருண்டையும் சுட்டா. மொத வாட்டி நான் துப்பிட்டேன். இப்பச் சொன்னா சிரிப்ப, இப்ப டீயோட அது ரெண்டு இல்லாட்டி எனக்குப் பொழுதே போவாது. வெளிய மொறுமொறுன்னு, உள்ளாற ஜவ்வு மாதிரி. இன்னிக்கும் வெடியால எந்திரிச்சுச் சுட்டா, வாசம் வந்துச்சு. கட்டிக் குடுப்பான்னு பாத்தேன், கையில ஒண்ணும் குடுக்கல. மறந்திருப்பா.

அவங்கம்மாவா? இருக்குது. மலைப்பக்கம் ஏதோ ஒரு ஊரு, மினாசோ என்னமோ, மாடும் காபியுமா இருக்குமாம். அதுக்குச் சக்கரை முத்திப் போயி ஒரு காலை எடுத்துட்டாங்க. பிளேன்ல ஏறி வர முடியாது. ஞாயித்துக்கெழமை போன்ல மூஞ்சி பாத்துப் பேசிக்குவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது, ஆனாலும் மரியாதைக்கு நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். பேச்சு முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். போன மாசம் அந்தம்மா குட்டிக் குட்டியா ஊல்ல சட்டை பின்னி எடுத்துத் தூக்கிக் காட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே அழுகை. நம்மூரு வெயிலுக்கு ஊல்லு சட்டை எதுக்கு?

அட, அதைச் சொல்லலையா நான்? முழுகாம இருக்கா. ஏழு மாசம் முடியப் போவுது.

அதான் இத்தனை கவலை எனக்கு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேங்கறா. நான் சொன்னது இல்ல, சமையக்காரி சொல்லிக் குடுத்திருக்கா, தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் பாக்கணும்னு. உடனே இவ புடிச்சுக்கிட்டா. உங்க வழக்கம்தானே அத்தை, நான் அந்த வழக்கப்படியே போறேங்கறா. அந்த வழக்கம் நம்மூருப் பொண்ணுங்களுக்குடி, தாய் வீடு தம்மம்பட்டியில இருக்கறவளுக்குச் சொன்னது, ஏழு கடல் தாண்டி இருக்கறவளுக்கா? வளைகாப்பு அமோகமாப் பண்ணுனேன். பொண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பணும்ங்கறதுக்காக பக்கத்து வீட்டுல ஒரு ராத்திரி தங்க வெச்சு மறுநாள் கூட்டிட்டு வந்துட்டேன். சாங்கியம் முடிஞ்சுதில்ல?

அவளுக்கு முடியல போல. ஒரு நா வந்து கேக்கறா, கட்டுச்சோறு யாரு அத்தை கட்டுவாங்கன்னு. உங்க பக்கம் கட்டுச்சோறு உண்டா? பொண்ணோட அம்மா வீட்டுலருந்து புளிச்சோறு, தயிர்ச்சோறு, பலகாரமெல்லாம் கட்டி எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாங்க. மாமியா வீட்டுக்காரங்க அதைச் சாப்புடணும். சாப்புட்டாத்தான் பொண்ணை அனுப்பச் சம்மதம்னு அர்த்தம். அப்புறம் கூட்டிட்டுப் போயிருவாங்க. பொண்ணோட அம்மா வர முடியலன்னா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா. பொறந்த வீட்டு ஆளு யாராச்சும் கட்டிட்டு வரணும்னேன். எங்க பொறந்த வீட்டு ஆளு இங்க நான் ஒருத்திதான் அத்தைன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

எனக்கும் வந்துச்சு கண்ணு கட்டுச்சோறு. எங்கம்மா தம்மம்பட்டியிலருந்து கட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துலதான், ஒரு பஸ்ஸு. அரைப்பு சீசன், மில்லு ராப்பகலா ஓடுது, வந்து போற ஆளுங்களுக்கெல்லாம் நான்தான் சோறாக்கணும். எங்க மாமியா எலையிலருந்து ஒரு வாய் எடுத்து வெச்சுது, உப்புக் கரிக்குதுன்னு துப்பிடுச்சு. அதுக்கப்புறம் தொடவே இல்ல. அது தொடாம மத்தவங்க யாரு தொடுவாங்க? எங்கம்மா வாசல்ல நின்னுச்சு. நான் மாடி ஜன்னல்ல நின்னேன். சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு, கட்டுன சோத்தை அப்படியே தலையில வெச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அந்த மாடி ரூமுலதான் கிரி பொறந்தான். நான் செத்தா போயிட்டேன்? பெத்து வளத்து ஆளாக்கலையா? அதே ரூமைத்தான் சரசுவுக்கும் தயார் பண்ணி வெச்சிருக்கேன், ஏசி போட்டு.

இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வாட்டி டிக்கெட்டு போட்டாங்க தெரியுமா? டிக்கெட்டு போட்டான்னாலே எனக்கு நெஞ்சு வலி வந்துரும். நானா வரவழைக்கறேன்? அதுவா வரும். ஆஸ்பத்திரியில சேப்பாங்க, டிக்கெட்டு போயிரும். டாக்டரு ஒண்ணுமில்லம்மா, வாயுதாங்கறாரு. அவருக்கென்ன தெரியும்.

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, நீ யாரோ, மதுரையில எறங்கிப் போயிருவ. அவ வர்றதுக்கு முன்ன ரொம்ப வருஷமா என்னை யாரும் தொட்டதில்ல கண்ணு. எங்க வீட்டுக்காரரு நல்லவருதான், ஆனா அந்த மாதிரி ஆளில்ல. பையன் வளந்ததும் தள்ளியே நிப்பான். இவ தெனமும் படுக்கப் போறப்ப வந்து என் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டுத்தான் போவா. ஊர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொன்னனே, எனக்குக் குடுக்கறதை மட்டும் நான் நிறுத்தச் சொல்லல. எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைத் தொட்டவ அவ ஒருத்திதான். அவ போயிட்டா அந்த அரண்மனை மாதிரி வீட்டுல நான் யாரோட இருப்பேன்? போனவ திரும்பி வருவாளா? கொழந்தை அந்த ஊருப் பேச்சுப் பேசும், கிரியும் பின்னாலயே போயிருவான். மில்லுக்குப் பூட்டுதான்.

அதனால பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டேன். அதான் இந்தப் பையில இருக்கற பொருளு. புடுங்கல கண்ணு, நீ ஏன் அப்படிப் பாக்கற? பத்திரமா வெக்கறேன் குடுன்னேன், குடுத்தா. எட்டாம் மாசம் பொறந்துட்டா பிளேன்ல ஏத்த மாட்டாங்கன்னு லேடி டாக்டர் சொன்னாங்க. வர்ற அமாவாசை தாண்டிட்டாப் போதும். அது வரைக்கும் என் கையில இருந்துச்சுன்னா, அப்புறம் அவளே அடங்கி இங்கயே பெத்துக்குவா. கொழந்தை வந்துட்டா ஊராவது ஒண்ணாவது. இந்தத் தங்கச்சி வீட்டுச் சீரு மட்டும் நடுவுல வந்துடுச்சு. கிரிதான், நீ கண்டிப்பாப் போகணும்மா, சித்தி வருத்தப்படும்னான். சரின்னு பாஸ்போர்ட்டையும் சேலைக்கு அடியில சொருகிட்டு வந்துட்டேன்.

இரு, அவ போட்டோவைக் காட்டறேன். பாஸ்போர்ட்டுல நல்லாருப்பா, முடியெல்லாம் சுருட்டைச் சுருட்டையா விட்டுக்கிட்டு. இப்பத்தான் நான் எண்ணெய் வெச்சுப் பின்னி விடறேன். இந்தப் பட்டுச்சேலைக்குக் கீழதான்... கொஞ்சம் புடி இதை. இந்தச் சேலைய உன் மடியில வெச்சுக்க. ஒரு பச்சைக் கவரு, அதுக்குள்ளாற...

இங்கதானே வெச்சேன்.

காலையில நான் குளிக்கப் போனப்ப, நான் அடுக்கித் தர்றேன் அத்தைன்னு பையை எடுத்தா. ஒருவேளை வெளிய எடுத்து வெச்சுட்டு மறந்திருப்பா. அப்படித்தான் இருக்கும். கட்டிலு மேல கெடக்கும். இது என்ன கனமா, உருண்டையா? துணி மூட்டை. நான் இதை வெக்கலையே. அவ மஞ்சத் துணி இது, வளைகாப்புக்கு எடுத்தது. முடிச்சுப் போட்டிருக்கு. இன்னும் கதகதன்னு இருக்குது தொட்டுப் பாரு.

அவுக்கட்டுமா?

எலை வெச்சுக் கட்டியிருக்கா. இது புளிச்சோறு. அடி புடிச்சிருக்குது, வாசம் வருது. இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இது தயிர்ச்சோறு. இந்த எலையில அவ ஊரு வறுத்த மாவு. இது அந்த உருண்டை, எனக்குப் புடிக்கும்னு நெறைய வெச்சிருக்கா. எல்லாத்தையும் நாலு முடிச்சுப் போட்டு, எப்படிக் கட்டணுமோ அப்படியே கட்டியிருக்கா.

கட்டுச்சோறு கண்ணு இது.

எலைய மூடறேன் இரு.

அதான் அப்படி அழுதாளா? அதான் அவன் பஸ்ஸு போற வரைக்கும் நின்னானா? ரெண்டு பேருமாச் சேந்துக்கிட்டு என்னைப் பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்க. பெத்த புள்ளை! சீருக்குப் போம்மா, சித்தி வருத்தப்படும்! இந்நேரம் கார்ல மெட்ராஸ் ரோட்டுல போய்க்கிட்டு இருப்பாங்க. நான் என்ன கெட்டது பண்ணுனேன் அவளுக்கு? சொல்லேன். நைட்டி வாங்கிக் குடுத்தது தப்பா? சரசுன்னு கூப்புட்டது தப்பா?

ஒரு போன் பண்ணுனேன்னு வையி. இந்தப் போன்ல ஒண்ணாம் நம்பரை அமுக்குனாப் போதும், கிரிக்குத்தான் போவும். கிரி, நெஞ்சு வலிக்குதுடான்னு ஒரு வார்த்தை. காரைத் திருப்பிருவான். அவனைப் பத்தி எனக்குத் தெரியும். அழுதுக்கிட்டே திருப்புவான். அவ பக்கத்துல உக்காந்து கூடவே வருவா. மறுபடியும் மாடிக்கு ஏறிப் போயிருவா. ஜன்னல்கிட்ட நிப்பா.

நான் நின்ன ஜன்னல்தான் அது.

தண்ணி குடு கண்ணு. ஆமா, அவன் குடுத்த பாட்டில்தான். காவேரி வந்துடுச்சா? தண்ணியே இல்ல, மணலாக் கெடக்குது.

எங்கம்மா அன்னிக்கு எந்தப் பஸ்ல திரும்பிப் போயிருக்கும்? சோத்தை வழியில யாருக்காச்சும் குடுத்திருக்குமா, கீழ கொட்டியிருக்குமா? நான் ஒரு நாளும் கேக்கல. எனக்குக் கேக்கத் தைரியமில்ல. கெட்டுப் போயிருக்கும்.

இதை இப்படியே திருப்பிக் கொண்டு போனா இதுவும் கெட்டுத்தான் போவும்.

கையைக் கழுவறேன், பாட்டிலைச் சாச்சு ஊத்து. போதும். புளிச்சோறுதான் மொதல்ல எடுக்கணும்.

ம்.

சரி, போனை எடு. ஒண்ணை அமுக்கு, என் கையெல்லாம் சோறு. ஆங், அடிக்குது.

கிரி. ஆமா, அம்மாதான். பஸ்ஸு காவேரிப் பாலத்து மேல போவுது. நீ எங்க இருக்க? மில்லுலயா. சரி. மில்லுல எதுக்குடா இவ்ளோ லாரிச் சத்தம்? சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. இல்லடா, நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஒரு வலியும் இல்ல. நீ வண்டிய மெதுவா ஓட்டு, புள்ளத்தாச்சி இருக்கறா. அழுவாதடா. ஆம்பளைப் புள்ளை, ரோட்டைப் பாரு. போனை அவகிட்டக் குடு. பக்கத்துலதான் இருக்கா, எனக்குத் தெரியும், குடு.

ஜுசாரா.

ஜுசாரா, நான்தான். ஆமா, அத்தைதான். பாத்துட்டேன். முடிச்சை அவுத்துட்டேன். இல்ல இல்ல, கோவமில்ல. நீ மொதல்ல அழுவறதை நிறுத்து, வயித்துல கொழந்தை இருக்குது. கேளு நான் சொல்றதை. புளிச்சோத்துல உப்பு கொஞ்சம் தூக்கல். அதனால என்ன? இருந்துட்டுப் போவுது. சாப்ட்டேன். நான் சாப்ட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. போய்ட்டு வா.

வெச்சுட்டேன். இந்தா போனு.

எதுக்கு நீ கண்ணைத் தொடைக்கற? இந்தா, நீயும் எடு. உருண்டையை மொதல்ல எடு, ஆறிடுச்சுன்னா ஜவ்வா இழுக்கும். முன் சீட்டுத் தம்பிக்கும் ஒண்ணு குடு, கண்டக்டருக்கும் குடு. நாலு பேரு சாப்புடணும் இதை, அப்பத்தான் போற காரியம் நல்லபடியா நடக்கும்.

கொழந்தை பொறந்து அஞ்சாம் மாசம் தாயையும் புள்ளையையும் புருசன் வீட்டுக்காரங்க போயித்தான் கூட்டிட்டு வரணும். அதானே மொறை? அவங்களா வரக் கூடாது. மாமியா நான் இருக்கறப்ப நான்தானே போகணும். நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பாஸ்போர்ட்டு எடுக்கறதுக்கு எங்க கண்ணு போகணும்? ஆத்தூர்க்காரங்களுக்குச் சேலத்துலயே குடுப்பாங்களா?